சின்ன அலுவலகத்துக்கு விண்டோஸ் சர்வரா, லினக்ஸா?

கறுப்புத்திரை:
"ஊழியர்களிடம் விண்டோஸ் இருந்தால் சர்வரும் விண்டோஸ்தான், லினக்ஸ் டொமைன் கன்ட்ரோலர் (எல்லோருடைய கணக்கு, கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் மைய சர்வர்) ஆகவே முடியாது" என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். லினக்ஸில் ஓடும் சாம்பா மென்பொருளின் 4.0 பதிப்பு வந்தது 2012 டிசம்பரில். அன்றிலிருந்தே அது விண்டோஸின் பயனர் நிர்வாக அமைப்பான ஆக்டிவ் டைரக்டரிக்கு டொமைன் கன்ட்ரோலராக ஓடுகிறது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசியும் வேலை செய்கிறது. தெரியாததை இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள்.

டொமைன்காரன்:
சொன்னது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். இரண்டு கன்ட்ரோலர் வைத்தால் சாம்பாவில் சிஸ்வால் (பாலிசி கோப்புகள் இருக்கும் கோப்புறை) ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாக நகலாகுமா?

கறுப்புத்திரை:
கோப்புகளை நகலெடுக்க ஆர்சிங்க், அதைக் குறித்த நேரத்தில் ஓட்ட கிரானில் ஒரு வரி. முடிந்தது. நீங்கள் சர்வர் லைசன்ஸுக்கு மேல் அதைப் பயன்படுத்த ஆளுக்கொரு சிஏஎல் (CAL) லைசன்ஸும் வாங்குகிறீர்களே! எட்டு ப்ராசசர் கோர் உள்ள சர்வருக்கும் 16 கோருக்குக் காசு கட்ட வேண்டும். அதைப் பற்றி மூச்சு இல்லை.

டொமைன்காரன்:
லைசன்ஸைக் கேட்கவில்லை. ஆர்சிங்க் ஒருவழி. இரண்டாவது கன்ட்ரோலரில் ஒருவர் பாலிசியைத் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் அது போச்சு. தானாக நகலாகுமா, ஆகாதா?

பேக்கப்பாண்டி:
சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் போட்டோம். 2020 டிசம்பரில் அறிவித்துவிட்டு 2021 கடைசியோடு மூடிவிட்டார்கள். இங்கே அதைப் பரிந்துரைத்ததும் இதே கறுப்புத்திரைதான். மறக்கவில்லை.

கறுப்புத்திரை:
பாண்டி, அதற்கு மாற்றாக அல்மா, ராக்கி லினக்ஸ்கள் எதற்கு வந்தன? மாற்றிக்கொள்ள ஸ்கிரிப்ட்டே கொடுத்தார்கள். சோம்பலுக்கு என்னைக் குறை சொல்லாதீர்கள். டொமைன்காரருக்கு: பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோல் இயல்பாகவே பிடிசி எமுலேட்டரைத்தான் (முதன்மைப் பொறுப்புள்ள ஒரே கன்ட்ரோலர்) பிடிக்கும். அங்கே திருத்தினால் எதுவும் அழியாது. உங்கள் விண்டோஸ் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? சிஸ்வாலை நகலாக்கிய பழைய எஃப்ஆர்எஸ் தொல்லை தாங்காமல்தானே அதற்குப் பதிலாக வந்த டிஎஃப்எஸ்ஆருக்குப் போனீர்கள்?

பேக்கப்பாண்டி:
சோம்பலா? ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரில் ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

புதுநிர்வாகி:
திரியை ஆரம்பித்தவன் நான். எங்கள் கணக்கு மென்பொருளின் சர்வர் பகுதி விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அப்படியானால் எதைப் போடுவது?

டொமைன்காரன்:
கறுப்புத்திரை இன்னும் பதில் சொல்லவில்லை. தானாக நகலாகுமா?

கறுப்புத்திரை:
மூன்று முறை சொல்லிவிட்டேன். கிரான் தானாகத்தான் ஓடுகிறது.

டொமைன்காரன்:
அது கிரான். நான் கேட்டது சாம்பா.