வாசல் வரை வந்து சிதறி ஓடும் மாடுகள்: எங்கே நின்று ஓட்டுவது?

கேள்வி
12 மாடு, 3 கன்று. மேய்ச்சல் நிலத்திலிருந்து பட்டி வரை பின்னாலிருந்து சத்தம் போட்டு ஓட்டுகிறேன். வாசலில் முன்மாடு நின்றுவிடுகிறது. பின்னால் வந்தவை இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன. ஊசி போடும் ஒடுக்கு வழியிலும் இதேதான். குச்சியால் அடிக்க மனமில்லை. நான் எங்கே நிற்க வேண்டும்?

பதில் 1
நேர் பின்னால் நிற்பதை முதலில் விடுங்கள். மாட்டுக்குச் சுற்றிலும் 300 பாகைக்கு மேல் தெரியும். வாலுக்கு நேர் பின்பக்கம்தான் தெரியாது. அங்கிருந்து சத்தம் வந்தால் யாரென்று பார்க்கத் தலையைத் திருப்பும். தலை திரும்பிய பக்கம் உடம்பும் போகும்.

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு மிரட்சி எல்லை உண்டு, ஆள் அதற்குள் வந்தால் மாடு விலகிப் போகும். கைபழகிய கறவைக்கு அது இல்லவே இல்லை எனலாம். ஆள் பழகாத மாட்டுக்குப் பல மீட்டர் வரும். மெதுவாகக் கிட்டே நடங்கள். மேய்வதை நிறுத்தி, தலை தூக்கி, ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். இன்னும் ஓரடி வைத்தால் நகரும். நகர்ந்ததும் நில்லுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நகர்ந்த பிறகும் நெருக்கிக்கொண்டே போனால், ஓடித்தான் தப்ப வேண்டும் என்று மாடு கற்றுக்கொள்கிறது.

திசைக்கு முன்னங்கால் சப்பைதான் (தோள்பட்டை) கணக்கு. அதற்குப் பின்னால் நீங்கள் நின்றால் மாடு முன்னே போகும். அதற்கு முன்னால் வந்தால் நிற்கும், இல்லை திரும்பும். மந்தையாக ஓட்டும்போது பின்புறம் சற்று ஒதுங்கி, இடமும் வலமுமாக நேர்கோட்டில் குறுக்கே நடங்கள். வளைத்துச் சுற்றினால் ஓரத்து மாடுகள் திரும்பிவிடும்.

பதில் 2
வாசலையும் பாருங்கள். மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து, அது வரும் வழியே நடந்து பாருங்கள். தரையில் விழும் வேலி நிழல், சாக்கடை மூடி, ஆடும் சங்கிலி, கம்பியில் தொங்கும் சட்டை, ஒரு குட்டை: எதுவும் போதும். ஆழத்தைக் கணிப்பதில் மாடு மந்தம், அதனால் நிழல் அதற்குப் பள்ளமாகவே தெரியலாம். முன்மாடு தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கிறதா? தொந்தரவு செய்யாமல் விடுங்கள், பார்த்து முடித்ததும் தானே தாண்டும். மற்றவை அதன் பின்னால் போகும். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையவும் தயங்கும், உள்ளே வெளிச்சம் இருக்கட்டும்.

ஒடுக்கு வழிக்கு முன்னுள்ள அடைப்பைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நெருக்கி அடைத்தால் திரும்ப இடமில்லாமல், வழி எங்கே என்றே தெரியாது. ஏற்கெனவே மிரண்டிருந்தால் 20 - 30 நிமிடம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஒடுக்கு வழிக்குள் வந்தபின் ஒரு மாடு நின்று பின்வாங்கினால்?

பதில் 1
வேலிக்கு வெளியே, அதன் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் நோக்கி விறுவிறுவென்று நடங்கள். சப்பையை நீங்கள் தாண்டும் கணத்தில் மாடு முன்னே அடி எடுத்து வைக்கும். வாலை முறுக்கவோ கத்தவோ வேண்டியதில்லை. ஆனால் முன்னே போக இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3
கன்றுகள் இருப்பதால் சொல்கிறேன்: தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். சாதுவான பசுவும் ஈன்ற சில நாட்களுக்கு முட்டும். கன்று தாயின் பக்கத்திலேயே வரட்டும், கன்றின் நடைக்கு மந்தை போகட்டும். ஒற்றை மாட்டைத் தனியே பிரிப்பதும் ஆபத்து. கூட்டம் தெரியாவிட்டால் வேலியைத் தாண்டப் பார்க்கும், கூட இன்னொன்றைச் சேர்த்தே பிரியுங்கள்.

பின்னங்கால் உதை பின்னால் மட்டும் வருவதில்லை, முன்னோக்கியும் பக்கவாட்டிலும் வீசும். தொட வேண்டுமென்றால் பேசிக்கொண்டே சப்பைப் பக்கம் வந்து உடம்போடு ஒட்டி நில்லுங்கள். இல்லையேல் காலுக்கு எட்டாமல் முழுதாக விலகுங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். கட்டும்போது இழுத்தவுடன் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

காளை பக்கவாட்டாக நின்று முதுகை வளைத்துக் காட்டினாலோ, மண்ணைப் பறித்தாலோ அன்றைய வேலை முடிந்தது. முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்கி வேலிக்கு அந்தப்பக்கம் போய்விடுங்கள்.