மறுமொழி: இரண்டுக்கும் ‘அங்கீகாரம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

உள்நுழைவுத் திரைகளைத் தமிழாக்கும்போது ஆதென்டிகேஷன் (வந்தவர் தான் சொல்லும் ஆள்தானா என்று பார்ப்பது), ஆதரைசேஷன் (அவருக்கு எதைச் செய்ய உரிமை என்று பார்ப்பது) இரண்டுக்கும் என்ன சொல் வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. இழை நீண்டுவிட்டது, நேற்றிரவுதான் முழுவதையும் படித்து முடித்தேன். ஐயா எழுதியிருந்தது இது:

> ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன் வேறுபாடு ஆங்கிலத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழில் மட்டும் எதற்கு இரண்டு சொல்? அங்கீகாரம் என்று ஒன்றையே வைத்துக்கொள்வோம்.

முதல் வரி உண்மைதான் ஐயா. கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை.

போன மாதம் அயனாவரத்தில், விரல்ரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஒரு முகவர் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மா. நாள் முழுக்க ஈர நாரைச் சுற்றிச் சுற்றி அவருக்குக் கட்டைவிரல் நுனி வெளுத்து, தோல் வெடித்துக் கிடக்கிறது. கருவியில் இரண்டு முறை வைத்தார். திரையில் ‘அங்கீகாரம் மறுக்கப்பட்டது’ என்று வந்தது. கடைப் பையன் அதை அப்படியே உரக்கப் படித்தான். அம்மாவுக்கு முகம் போய்விட்டது. “பென்ஷனை நிறுத்திட்டாங்களா தம்பி?” என்றார். அப்புறம் பையன் விரலைத் துணியால் துடைத்து, நடுவிரலை வைக்கச் சொன்னான். பணம் வந்தது.

நடந்தது என்ன? ஆதார் எண்ணும் விரல்ரேகையும் சேர்ந்து போகின்றன. ‘இந்த எண்ணுக்கு உரியவர் இவர்தானா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் வருகிறது. இதுதான் ஆதென்டிகேஷன். அவருக்குப் பணம் எடுக்க உரிமை உண்டா, எவ்வளவு எடுக்கலாம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதுதான் ஆதரைசேஷன். முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. ஆனால் திரையில் இருந்த தமிழ், இரண்டாவது கேள்விக்கான பதிலைச் சொல்லி ஒரு வயதானவரைப் பயமுறுத்திவிட்டது. அவர் பயந்ததில் தப்பே இல்லை. சென்னையில் அங்கீகாரம் என்ற சொல் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். ‘சிஎம்டிஏ அங்கீகாரம் பெற்ற மனைகள்’, ‘அங்கீகாரம் இல்லாத பள்ளி’, ‘அங்கீகாரம் ரத்து’. மேலே இருப்பவர் ஏற்றுக்கொள்வது, ஏற்க மறுப்பது. ரேகை சரியாகப் படியாததற்கும் இதற்கும் என்ன உறவு?

ஆங்கிலக் குழப்பத்தைப் பற்றி ஒன்று. உலாவியில் வரும் 401 பிழையின் பெயர் ‘அன்ஆதரைஸ்டு’, அதாவது உரிமை தரப்படவில்லை. ஆனால் அதன் பொருள், நீங்கள் யார் என்பதை இன்னும் காட்டவில்லை, காட்டிவிட்டு வாருங்கள் என்பதுதான். யார் என்று தெரிந்தும் கதவைத் திறக்க மறுப்பது 403. உலாவியும் இணையதளமும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே 401-க்கு இந்தப் பெயர்தான், இன்றுவரை மாறவில்லை. பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் அவர்கள் பிழை நம் பிழையாகிவிடும். இத்தனைக்கும் இரண்டு சொல்லும் ஒரே வேர் கூட இல்லை. ஆதென்டிகேஷன் கிரேக்க வழி, ஆதரைசேஷன் ‘அவுக்டோர்’ (auctor) என்ற லத்தீன் சொல்லின் வழி. அதே லத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘ஆதர்’ (author) என்பதில் வரும் ‘த’ ஒலியே, ‘ஆதென்டிக்’கைப் பார்த்து எழுத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டதுதான். நமக்கு அந்த ஒட்டு எதற்கு?

சரி, ஆதென்டிகேஷனுக்கான சொல்லுக்கு வருகிறேன். ‘அத்தாட்சிப்படுத்தல்’ பொருளில் சரிதான், ஆனால் கைபேசிப் பொத்தானில் போட்டுப் பார்த்தேன், ‘அத்தாட்சிப்ப…’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. ‘அடையாளங்காணல்’ வேறு வேலை. கூட்டத்தில் இவர் யார் என்று தேடுவது அது. இங்கே ஒருவர் வந்து நான்தான் இன்னார் என்கிறார், அவர்தானா என்று பார்க்கிறோம். ‘சரிபார்ப்பு’ ஏற்கெனவே ஓடிபிக்கும் முகவரிக்கும் கூலி வேலை செய்துகொண்டிருக்கிறது, விட்டுவிடுவோம்.

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தேன். இந்தச் சோதனை தோற்றுப்போய், தப்பான ஆள் உள்ளே நுழைந்துவிட்டால் அதற்குத் தமிழில் என்ன பெயர்? ஆள்மாறாட்டம். தேர்வு எழுதும் இடத்திலிருந்து பத்திரப் பதிவு வரை எல்லோருக்கும் தெரிந்த சொல். அப்படியானால் ஆள் மாறவில்லை என்று உறுதி செய்வது ‘ஆளுறுதி’. ஆளுறுதி செய்க, ஆளுறுதி ஆகவில்லை, இருபடி ஆளுறுதி. எல்லா வடிவமும் வாயில் நிற்கிறது, பொத்தானிலும் அடங்குகிறது.

> சர்வரையும் ஆதென்டிகேட் செய்கிறோமே, அது ஆளா?

கோவை நண்பரின் கேள்வி நியாயமானது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வங்கித் தளத்தைப் போலவே போலித் தளம் ஒன்று நின்றால், அது வங்கியாக ஆள்மாறாட்டம் செய்கிறது என்று தயங்காமல் சொல்கிறோம். மாறாட்டத்துக்கு ஆளாக இருக்கும் சர்வர், உறுதிக்கு மட்டும் ஆளாக இருக்காதா?

ஆதரைசேஷனுக்கு நீண்ட வாதம் வேண்டாம். ‘அதிகாரமளித்தல்’ மகளிர் திட்டங்களோடு போய்விட்டது, ‘அனுமதி’யைக் கைபேசி கேமராவுக்கும் மைக்குக்கும் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டது. எனக்குப் பிடித்தது ‘இசைவு’. அசோகவனத்தில் அனுமன் கணையாழியைக் கொடுத்ததும் அவன் ராமதூதன்தான் என்று சீதைக்கு உறுதியாகிவிட்டது. ஆனால் என் தோளில் ஏறுங்கள், கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றதற்கு அவள் இசையவில்லை. ஆளுறுதி ஆயிற்று, இசைவு கிடைக்கவில்லை. பக்கா 403! (இதைச் சொன்னதும் என் வீட்டம்மா, ராமாயணத்தையும் கம்ப்யூட்டருக்குள் தள்ளியாயிற்றா என்றார்.)

இசைவு என்றால் கன்சென்ட் ஆகிவிடாதா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவமனையில் அதற்கு ஒப்புதல் படிவம் என்றுதான் கையெழுத்து வாங்குகிறார்கள், அது அங்கேயே இருக்கட்டும். ஆலை இயங்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் தருவதற்கும் இசைவாணை என்றுதான் பெயர். நாம் தேடும் பொருளுக்கு அது பக்கத்தில்தான் இருக்கிறது.

உள்நுழைவுக் கோப்பில் 43 சரங்கள் (திரையில் வரும் வரிகள்) பாக்கி. ‘ஆளுறுதி’யைப் போட்டு இன்றே மாற்றத் தொடங்குகிறேன். ‘இசைவு’ வரும் 11 சரங்களை மட்டும் வெள்ளிக்கிழமை வரை தொடாமல் வைத்திருப்பேன், இதைவிட நல்ல சொல் இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள். பூக்கட்டும் அம்மா பார்த்த திரைக்கு நான் வைத்திருக்கும் வரி இது: ‘விரல்ரேகை பொருந்தவில்லை. வேறு விரலை வையுங்கள்.’ அதில் கலைச்சொல்லே வேண்டியிருக்கவில்லை.