காரிமங்கலம் பெரிய வீடு – குடும்பக் குழு

சித்தப்பா: அண்ணனின் காதடிக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ‘லிம்ஃபாய்டு செல்கள் அதிகம், மேல் பரிசோதனை தேவை’ என்று இருக்கிறது.

ராஜாத்தி அத்தை: ஐயோ, புற்றுநோயா?

முருகன் மாமா: பொன்னுக்குவீங்கியாக இருக்கும். கழுத்தில் தங்கச் சங்கிலி போடுங்கள்.

செல்வி: அது சில நாளில் வடிந்துவிடும், மாமா. இது மாசியிலிருந்து இருக்கிறதே. அத்தை, அழாதீர்கள். காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே நிணநீர்க் கணுக்களும் உண்டு. அறிக்கையில் சொன்ன லிம்ஃபாய்டு செல்கள் அந்தக் கணுக்களில் இருப்பவைதான். அவை வந்தால் வெறும் கணு வீக்கமாகவும் இருக்கலாம், வார்தின் கட்டியாகவும் இருக்கலாம், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். வார்தின் என்பது உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் சாதாரணக் கட்டி, புற்றுநோய் அல்ல. புகைபிடிக்கும் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வரும்.

பெரியம்மா: பீடியை விடச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

பாபு: அம்மா, இப்போது அது வேண்டாம்.

செல்வி: மெல்லிய ஊசியில் செல்கள் உதிரியாகத்தான் வரும். லிம்போமாவா என்று உறுதிசெய்யத் திசுவாகவே வேண்டும். தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுக்கும் கோர் பயாப்ஸி கேளுங்கள். எடுத்ததில் கொஞ்சத்தை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாமல், செல்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்றும் முன்பே கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்குப் பெரும்பாலும் அறுவை, லிம்போமாவுக்கு மருந்து, கதிர்வீச்சு. முகநரம்பு அந்தச் சுரப்பி வழியாகப் போகிறது. என்னவென்று தெரியாமல் கத்தி வைக்க விடாதீர்கள். பெரியப்பாவுக்குக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு உண்டா? வாய் கோணுகிறதா?

பெரியம்மா: வாய் கோணவில்லை. வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. முருகன் வாங்கித் தந்த மாத்திரையில் கட்டி கொஞ்சம் வடிந்திருக்கிறது.

செல்வி: என்ன மாத்திரை? அட்டையைப் படம் எடுத்து இப்போதே அனுப்புங்கள். ஸ்டீராய்டு என்றால் லிம்போமாவும் சுருங்கும், பயாப்ஸியில் ஒன்றும் பிடிபடாமல் போகும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நாளைக் காலையே டாக்டரிடம் காட்டுங்கள்.

முருகன் மாமா: நல்லதற்குத்தானே வாங்கினேன்.

சித்தப்பா: தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியா, பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையா?

ராஜாத்தி அத்தை: பெங்களூர் என்றால் பணம்? புளியமரக் குத்தகை இன்னும் என் கைக்கு வரவில்லை.

சித்தப்பா: அதை இங்கே பேச வேண்டுமா?

ராஜாத்தி அத்தை: எங்கே பேசுவது? போன வருடமும் இதைத்தான் சொன்னீர்கள்.

செல்வி: முதலில் தர்மபுரி. அறிக்கை, மாத்திரை அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும்.

பாபு: காப்பீட்டு அட்டையில் அப்பாவின் பெயர் தப்பாக இருக்கிறது.

சித்தப்பா: வெள்ளிக்கிழமை காதுகுத்து வேறு இருக்கிறது. யார் கூடப் போவது?

முருகன் மாமா: நான் வருகிறேன்.

பெரியம்மா: பாபு வரட்டும்.