பழைய பொப் பாட்டைக் கேட்டால் சிலிர்ப்பது பாட்டாலா, வயதாலா?

கனகராயன்:
எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் ஒன்றுகூடல் கிளிநொச்சியில் வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ஈழத்துப் பொப் பாட்டுகள் போடுவோம் என்றேன். ஏற்பாட்டுக் குழுவில் உள்ள தம்பிமார், "அது கிழவர் பாட்டு, டிஜே மிக்ஸ்தான் சரி" என்று நிற்கிறார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இரண்டையும் கனகாலம் கேட்காமல் இருந்துவிட்டு அண்மையில் கேட்டேன். தாளம் தொடங்கின உடனேயே மயிர் கூச்செறிந்தது. சினிமாப் பாட்டுக்கு எனக்கு இப்படி வருவதில்லை. எங்கள் பேச்சிலேயே, எங்கள் பகிடியிலேயே பாடின பாட்டு என்பதால்தான் இது என்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பாலைப்பழம்:
மறுக்கிறேன். சிலிர்ப்பது பாட்டால் இல்லை அண்ணை, உங்கள் வயதால். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் மனிதருக்குப் பிற்காலத்தில் கூடுதலாக ஞாபகம் வரும் என்று உளவியல்காரர் பல தடவை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் காதில் விழுந்தது எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தொண்ணூறுகளின் தேவா பாட்டுக்குக் கண் கலங்குகிறது. அதற்காகத் தேவாவை உலக மகா இசை என்று நான் சொல்ல வரவில்லை.

ஏ9:
அந்த மிக்ஸ் கேட்ட தம்பிமாரில் நானும் ஒருவன். கிழவர் பாட்டு என்று சொன்னது நான் இல்லை, அதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முறிகண்டிக் கச்சான்:
வயது என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள் பாலைப்பழம். எப்படிக் கேட்டோம் என்பதும் இருக்கிறது.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் பற்றறி வராது. தடை. மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் நிற்க வைப்போம். பின் ரயரில் டைனமோவை முட்டவைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது 6 வோல்ட், நாலு பற்றறிக்குச் சமம். அது நேராக வந்தால் கசற் பெட்டி இரையும். அதனால் நாலு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் தேடிப்பிடித்துப் பலகைத் துண்டில் ஒட்டுகிற அண்ணைமார் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். கசற்றைப் போட்டுச் சுற்றத் தொடங்கினால் பாட்டு வரும். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். மனோகரனின் குரல் கிணற்றுக்குள் இறங்குகிற வாளி போலக் கீழே போய்க்கொண்டே இருக்கும். "டேய், சுற்றடா" என்று ஒரு சத்தம் வரும், குரல் திரும்ப மேலே ஏறும்.

இப்போது யூடியூப்பில் அதே பாட்டைத் துப்புரவாகக் கேட்கிறேன். நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நான் கேட்ட பாட்டு இல்லை. எங்கே இழுபட வேண்டுமோ அந்த இடத்தில் இழுபடாமல் போய்விடுகிறது.

வவுனிக்குளத்தாள்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. ஒரேயொரு திருத்தம். "சுற்றுகிறவன்" இல்லை, எங்கள் வீட்டில் சுற்றுகிறவள். அண்ணன்மார் பாயில் படுத்திருந்து கேட்க, சுற்றினது நானும் தங்கச்சியும். பாட்டு இழுபட்டால் ஏச்சு விழுந்ததும் எங்களுக்குத்தான். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எனக்கு முதலில் தோள்மூட்டு நோகும், பிறகுதான் மற்றது.

இன்னொன்று. பொப் பாட்டு "எங்கள் பேச்சு, எங்கள் பகிடி" என்கிறார் கனகராயன் அண்ணை. அதில் யார் அந்த எங்கள்? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின சனம் எத்தனை. என் அப்பாவும் அம்மாவும் அப்படி வந்தவர்கள். அவர்களுக்கு உருகுகிற பாட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து இலங்கை வானொலியில் கேட்ட பழைய சினிமாப் பாட்டு. சின்ன மாமி யார் என்றே அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. பொப் பாட்டு யாழ்ப்பாணத்து, கொழும்புப் பெடியன்கள் கிற்றாரோடு பாடினது. நல்ல பாட்டுத்தான், ஆனால் வன்னியின் பாட்டு என்று பட்டம் கட்டாதீர்கள். தொண்ணூறுகளில் எங்கள் காதில் நாள் முழுக்க விழுந்தது இயக்கத்தின் எழுச்சிப் பாட்டும் கோயில் ஸ்பீக்கரும்.

ஸ்காபரோவான்:
பிள்ளை, ஒரு சந்தோசத்துக்குப் போடுகிற பாட்டுக்கு இவ்வளவு வழக்கா? இங்கே கனடாவில் கலியாண வீடுகளில் இந்தப் பாட்டுக்குத்தான் முழு மண்டபமும் எழும்பும். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற புத்திமதியை உச்சக் குரலில் பாடுகிறவர்கள் எல்லாம் பாரில் இருந்து எழும்பி வந்தவர்கள், அது வேறு கதை. பழையபடி அப்படியே போடுங்கள். ரீமிக்ஸ் என்ற பெயரில் கொலை செய்ய வேண்டாம்.

ஏ9:
"அப்படியே" என்றால் எப்படி அண்ணை? 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா கையால் போனபோது மாறித்தானே போனது. தமிழ்நாட்டில் பலருக்கு அதுதான் மூலப் பாட்டு. அதற்கு முன்னாலும் போங்கள். இந்தத் துள்ளல் பைலா என்கிற ஆட்டப் பாட்டில் இருந்து வந்தது. பைலா போர்த்துக்கேயர் வழியாகவும், அவர்களோடு வந்த ஆபிரிக்கர் வழியாகவும் வந்தது. அதைச் சிங்கள மேடைப் பாட்டாக்கியவர் வொலி பாஸ்டியன். கை மாறும்போதெல்லாம் மாற்றித்தான் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கைக்கு வரும்போது மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறீர்கள்.

பாலைப்பழம்:
இது நியாயமான கேள்வி. கனகராயன் அண்ணை பதில் சொல்லட்டும்.

கனகராயன்:
சொல்கிறேன். மாற்றுவதில் எனக்குக் கோபம் இல்லை. டிஜே மிக்ஸ் செய்வது வேறு வேலை: ஒரு பல்லவியை வெட்டி எடுத்து, அடியில் இடியைப் போட்டு, அரை நிமிசத்தில் அடுத்த பாட்டுக்கு ஓடுவது. இளையராஜா வெட்டவில்லை, திரும்பச் சமைத்தார். பொப் பாட்டின் சுவை சரணத்தில்தான் இருக்கிறது. கதை அங்கேதான் நடக்கிறது. கிற்றாரும் கைதட்டும் இருந்தால் போதும், வாத்தியமே இல்லாமல் லொறிப் பின்பெட்டியில் இருந்துகூடப் பாடலாம். மடுத் திருவிழாவுக்குப் போகிற வழியில் அப்படிப் பாடியிருக்கிறோம். எல்லாம் வயதுதான் என்கிற பாலைப்பழத்துக்கு என் கேள்வி இது: அந்த வயதில் கேட்ட பாட்டு நூற்றுக்கணக்கில் இருக்க, ஏன் இந்தக் கொஞ்சம் மட்டும் வாயில் நிற்கிறது?

வவுனிக்குளத்தாள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வன்னி முழுவதற்கும் இது பொதுச் சொத்து இல்லை, சரி. கொழும்புப் பெடியன்களின் பாட்டு என்று ஒதுக்குவதைத்தான் ஏற்க மாட்டேன். பெட்டியைத் தங்கச்சியாரோடு சேர்ந்து சுற்றினவருக்கு அதில் பங்கில்லையா?

பாலைப்பழம்:
வாயில் நிற்பது எளிய மெட்டு என்பதால். அதை நான் மறுக்கவே இல்லை. எளிய மெட்டு வாயில் நிற்கும், ஆனால் உடம்பைச் சிலிர்க்க வைக்காது. பத்து வயதுப் பிள்ளையிடம் 'சின்ன மாமியே' போட்டுக் காட்டுங்கள், சிரிக்கும், ஆடும். சிலிர்க்காது.

முறிகண்டிக் கச்சான்:
சிலிர்ப்பு இல்லாத பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. 2009க்குப் பிறகு என் மச்சாள் அதைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவா. பாட்டில் பிழை இல்லை என்று அவவுக்கும் தெரியும். எனக்கோ எதிர்மாறு. இரண்டு பாசையையும் ஒரே மூச்சில் கலந்து பகிடி விடுவது ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்ததே என்ற எண்ணம்தான் என்னை உலுக்குகிறது. ஒரே வீடு, ஒரே பாட்டு.

வவுனிக்குளத்தாள்:
அதனால்தான் சொல்கிறேன், மண்டபம் நிறைய ஆட்களை இருத்தி வைத்து "இது எல்லாருக்கும் பிடித்த பாட்டு" என்று மைக்கில் அறிவிக்காதீர்கள். போடுங்கள். பிடித்தவர் ஆடட்டும், எழும்பிப் போகிறவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பங்கு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது அண்ணை, தோள்மூட்டில். அந்தப் பங்குக்காகக் கேட்கிறேன்: வானொலிக் காலத்துச் சினிமாப் பாட்டு இரண்டையாவது சேர்க்க வேண்டும். அப்பாவுக்காக.

ஏ9:
சரி, இப்படிச் செய்வோம். சாப்பாட்டு நேரம் முழுக்கப் பழைய பாட்டு, சரணத்தோடு, வெட்டாமல். அக்கா கேட்ட பாட்டும் அதற்குள். அப்புறம் எட்டு மணிக்குப் பிறகு மிக்ஸ், யாரும் வயரைக் கழற்றக் கூடாது. அறிவிப்பாளர் வேலை கனகராயன் அண்ணைக்கு இல்லை.

கனகராயன்:
மிக்ஸுக்கு அரை மணித்தியாலம்தான். அறிவிப்பைப் பற்றிக் குழுவில் கதைப்போம்.