மறுமொழி: ராமானுஜனின் எண்களுக்குக் கலைச்சொல்: "காரணி விஞ்செண்"

நண்பர்களுக்கு வணக்கம். கணித மேதை ராமானுஜன் ஆராய்ந்த "highly composite number" என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என் மறுமொழி இது.

> "உயர் பகு எண்" என்றே வைத்துக்கொள்ளலாமே? ஆங்கிலச் சொல்லுக்கும் அதுதானே நேர்.

வேண்டாம் ஐயா. ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் வரையறை தெளிவாக இருக்கிறது: தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் இருக்க வேண்டும். 12க்கு ஆறு காரணிகள். 18க்கும் ஆறுதான், ஆகவே 18 சேராது. 24க்கு எட்டு, அதே எட்டு உள்ள 30 சேராது. காரணிகள் நிறைய இருந்தால் மட்டும் போதாது, முன்னால் வந்த அத்தனையையும் விஞ்ச வேண்டும். "உயர்" என்பதில் அந்தப் பொருள் வரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், வரையறைப்படி 2 என்ற எண்ணும் இதில் அடங்கும். பகா எண்ணைப் பிடித்து "உயர் பகு எண்" என்று பாடத்தில் எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே எழுந்து கேட்கும். அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் பகு எண் "சேர்த்தி எண்" ஆகிவிடுகிறது. காரணி இரண்டு இடத்திலும் காரணிதான்.

அதனால் என் பரிந்துரை: காரணி விஞ்செண். பகு எண் போலவே இதுவும் வினைத்தொகை. இங்கே ஒருவர் சொன்ன "முந்தெண்" அழகான சொல்தான். ஆனால் ஓர் எண்ணுக்கு முந்தைய எண்ணை "முன்னி" என்று பள்ளியில் படிக்கிறார்கள்; இரண்டும் குழம்பும்.

சொல்லைப் பெரிய எண்ணில் வைத்துப் பார்ப்போம். ராமானுஜனின் பட்டியலில் கடைசி எண் 6746328388800. பகாக் காரணிப்படுத்தினால் 2இன் அடுக்கு 6, 3க்கு 4, 5க்கும் 7க்கும் 2, 11 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 1. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10080 காரணிகள்! அடுக்குகள் இப்படி இறங்கியோ சமமாகவோ வருவது எல்லா விஞ்செண்களுக்கும் பொது. கடைசி அடுக்கு 1 ஆகத்தான் இருக்கும், 4, 36 இரண்டைத் தவிர. இதையும் ராமானுஜனே நிறுவினார்.

அதே எண்ணை 23ஆல் வகுத்தால் 293318625600. காரணிகள் பாதியாகி 5040. இதுவும் விஞ்செண்தான், ஆனால் அவர் பட்டியலில் இது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் 102 எண்களைச் சரியாகத் தந்தவர் விட்டது ஒன்றே ஒன்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பு அடங்கவில்லை. 5040, 10080 இரண்டுமே விஞ்செண்கள் என்பதையும் கவனியுங்கள்.

> காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறதே. இதன் உள்வகைக்கு என்ன சொல்வது?

பழகினால் சரியாகிவிடும். உள்வகைக்கு, அதாவது 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 என்று போகும் இன்னும் கடுமையான வரிசைக்கு (superior highly composite numbers), "மீவிஞ்செண்" எனலாம். மீப்பெரு, மீச்சிறு படித்தவர்களுக்கு "மீ" புதிதல்ல. காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதில் அவற்றின் கூடுதல் விஞ்சினால் "காரணிக்கூடுதல் விஞ்செண்". "உயர் பகு எண்" என்பதிலிருந்து இப்படிக் கிளை பிரிக்க வழியில்லை.

மறுப்பு இல்லையென்றால் சொற்கோவையில் சேர்த்துவிடலாம். "விஞ்செண்" என்று சேர்த்து எழுதுவதா, "விஞ்சு எண்" என்று பிரிப்பதா என்பதை மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவதே எளிது என்பது என் எண்ணம்.