ஷாப்பிங் ஆப்பில் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாதது வருகிறது, எப்படித் தடுப்பது?

காரிமங்கலம் அம்மா:

வணக்கம். பகலில் எங்கள் வீட்டில் இருக்கும் போன் என்னுடையது ஒன்றுதான். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, கேஸ் புக்கிங், துணிமணி வாங்குவது எல்லாம் என் போனில்தான். மகள் ஆறாவது படிக்கிறாள், பையன் மூன்றாவது. ஷூ, பேக், தண்ணீர் பாட்டில் மாதிரி சாமான்களை அவர்களே பார்த்து எடுக்கட்டும் என்று போனைக் கையில் கொடுத்துவிடுவேன். ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தர்மபுரிக்கு பஸ் ஏறிப்போய் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

போன வாரம் பையன் மைக்கைத் தொட்டு "பொம்மை" என்று பேசித் தேடியிருக்கிறான். கார், கரடி, பிளாக்ஸ் என்று வந்த வரிசைக்கு நடுவே பெரியவர்களுக்கான ஒரு சாமான், ஒரு பெண்ணின் படத்தோடு. அவன் அதைத் திறந்து, வாங்கினவர்கள் போட்ட படங்கள் வரைக்கும் பார்த்துவிட்டு "அக்கா, இது என்ன பொம்மை?" என்று கேட்டிருக்கிறான். அவள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆப்பைத் திறந்தால் முதல் பக்கம் பூராவும் அதே வகைதான், ஜெல், மாத்திரை, அரைகுறை உடுப்பு. தேடின பட்டியலைப் பார்த்து, பிள்ளைகளிடம் மெதுவாக விசாரித்த பிறகுதான் நடந்தது புரிந்தது.

கூகுளில் சேஃப் சர்ச் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அது ஏன் இங்கே தடுக்கவில்லை? ஆப்புக்குள்ளேயே பிள்ளைகளுக்கென்று பூட்டு ஏதாவது இருக்கிறதா? முதல் பக்கத்தில் வருவதை எப்படித் துடைப்பது? போனே கொடுக்காதே என்று மட்டும் சொல்ல வேண்டாம், வீட்டுப்பாடமே போனில்தான் வருகிறது.

ஓசூர் மொபைல் சர்வீஸ்:

அக்கா, சேஃப் சர்ச் கூகுள் தேடலுக்கு மட்டும்தான். ஷாப்பிங் ஆப்புக்குள் நடப்பது அந்தக் கம்பெனியின் சொந்தத் தேடல், அங்கே கூகுளுக்கு வேலையே இல்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் இன்டர்நெட் முகவரியைத் தேடித் தருகிற சர்வர், அதை மாற்றினால் போதுமா என்றும் கேட்பார்கள். கிளவுட்ஃபிளேர் 2020-இல் குடும்பங்களுக்காக இலவசமாக விட்ட 1.1.1.3 என்ற டிஎன்எஸ் நல்லதுதான், ஃபைபர் கனெக்‌ஷன் இருக்கிற வீட்டில் ரூட்டரில் அதையும் 1.0.0.3-ஐயும் போட்டுவிட்டால் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் திறக்காது. ஆனால் அது தளத்தின் பெயரைப் பார்த்துத்தான் தடுக்கும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டி நம்பரைப் பார்த்து விடுகிறார்களே தவிர லாரிக்குள் என்ன மூட்டை என்று பிரித்துப் பார்ப்பதில்லை, அதே கதைதான். ஷூவும் அதே தளம், நீங்கள் சொன்ன சாமானும் அதே தளம். ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்க வெளியிலிருந்து வழியில்லை.

அதனால் வேலையை ஆப்புக்குள்ளேதான் ஆரம்பிக்க வேண்டும். முதலில் பார்த்த பொருட்களின் பட்டியல், அதாவது பிரவுசிங் ஹிஸ்டரி. அமேசானில் உங்கள் கணக்குப் பக்கத்துக்குள் போனால் அது இருக்கும், ஒவ்வொரு பொருளாகவும் நீக்கலாம், மொத்தமாகவும் நீக்கலாம், இனிமேல் பதிவே ஆகாதபடி நிறுத்தியும் வைக்கலாம். மற்ற ஆப்களில் இடம் மாறும், கணக்கு அல்லது பிரைவசி என்ற பகுதியில் தேடிப் பாருங்கள். பையன் ஒன்றைத் தொட்டதுமே முதல் பக்கம் மாறினது இந்தப் பட்டியலால்தான், வாங்கினால்தான் வரும் என்று இல்லை, திறந்து பார்த்தாலே போதும். அப்புறம் தேடல் பெட்டியைத் தொட்டதும் கீழே விழுகிற பழைய தேடல்களையும் அழித்துவிடுங்கள். கூடையிலோ விருப்பப் பட்டியலிலோ ஏதாவது கிடந்தால் அதையும் எடுங்கள், அதை வைத்தும் பரிந்துரை வரும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே கணக்கு ரெண்டு போனில் லாகின் ஆகியிருந்தால் ஒரு போனில் பார்த்தது இன்னொரு போனின் முதல் பக்கத்தைப் பாதிக்கும். நீங்களும் வீட்டுக்காரரும் ஒரே கணக்கா?

ஊத்தங்கரை அப்பா:

பிள்ளையிடம் தேடல் பெட்டியையே கொடுக்காதீர்கள், அதுதான் என் கருத்து. போனைக் கொடுங்கள், தேடலைக் கொடுக்காதீர்கள். நான் ராத்திரி அவர்கள் தூங்கின பிறகு உட்கார்ந்து ஷூ என்றால் ஷூ, சைக்கிள் என்றால் சைக்கிள், நாலைந்தைப் பார்த்து விருப்பப் பட்டியலில் போட்டுவைத்துவிடுவேன். காலையில் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து "இதில் எது வேண்டும்" என்று கேட்டால் போதும், பிள்ளைக்கும் தானே தேர்ந்தெடுத்த சந்தோஷம். அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுமே 2020-இலேயே தமிழில் வந்துவிட்டன, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை எதையும் படித்துவிடும், படிக்கத் தெரியாவிட்டாலும் பேசித் தேடிவிடும். பத்து வயசு வரைக்கும் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஷாப்பிங் ஆப் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப்பாடத்துக்குப் போன் கொடுக்கும்போது ஆப் பின்னிங் போட்டுக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பைப் பின் செய்துவிட்டால் உங்கள் பூட்டு எண் இல்லாமல் வேறு ஆப்புக்குப் போக முடியாது. எடுக்கும்போது எண் கேட்கிற மாதிரி அதிலேயே ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட மறந்தால் பிரயோஜனம் இல்லை.

காரிமங்கலம் அம்மா:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. ஆமாம், ஒரே கணக்குதான், அவர் போனிலும் அதே நம்பர்தான் போட்டிருக்கிறார். அவர் என்ன பார்க்கிறார், என்ன வாங்குகிறார் என்று நான் துருவப் போவதில்லை, கல்யாணமானவர்களுக்குத் தேவையானதை வாங்குவதில் தப்பும் இல்லை. அது பிள்ளைகள் திறக்கிற பக்கத்தில் வந்து நிற்காமல் இருந்தால் போதும். அதற்குத் தனிக் கணக்குதான் வழியா? பையனுக்குக் கூகுளில் பிள்ளைகள் கணக்கு ஒன்று போடலாம் என்று எதிர்வீட்டுப் பெண் சொல்கிறாள், அது இந்த ஒரே போனில் நடக்குமா?

ஓசூர் மொபைல் சர்வீஸ்:

தனிக் கணக்குதான் சுலபம் அக்கா. அவர் நம்பரில் அவருக்கு ஒன்று, உங்கள் நம்பரில் உங்களுக்கு ஒன்று. பெரியவர்களுக்கான சாமான் எதுவானாலும் அவர் கணக்கில் மட்டும் வாங்கட்டும். பார்சல் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள்தான் ஓடிப்போய் வாங்கிப் பிரிப்பார்கள், அதனால் டெலிவரியை பெங்களூர் ரூம் முகவரிக்கே போட்டுக்கொள்வது நல்லது.

எதிர்வீட்டில் சொன்னது ஃபேமிலி லிங்க். பிள்ளைக்கென்று தனி போனோ டேப்லெட்டோ இருந்தால் அருமையான விஷயம். பிளே ஸ்டோரில் எந்த ஆப் இறக்க வேண்டுமென்றாலும் உங்களுக்குக் கேட்டு வரும், நீங்கள் சரி சொன்னால்தான் இறங்கும். ஷாப்பிங் ஆப்புக்குச் சரி சொல்லாவிட்டால் அந்தப் போனில் அது இருக்கவே இருக்காது. குரோமில் நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கிற மாதிரியும் வைக்கலாம். நீங்கள் பயன்படுத்துகிற போனுக்கு அது சரிப்படாது. உங்களுடையது ரெட்மி, போக்கோ என்றால் பல மாடல்களில் செகண்ட் ஸ்பேஸ் இருக்கும், ஒரே போனுக்குள் இன்னொரு போன் மாதிரி தனி ஆப்கள், தனி பூட்டு எண். அதைப் பிள்ளைகளுக்கு வைத்து ஷாப்பிங் ஆப் இல்லாமல் விட்டுவிடுங்கள். அந்த வசதி இல்லாத போனாக இருந்தால் ஆப் லாக் இருக்கிறதா பாருங்கள், ஷாப்பிங் ஆப்புக்கு மட்டும் பூட்டு போட்டால்கூடப் பாதிக் கவலை தீரும்.

நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். "நீங்கள் பார்த்த பொருள் விலை குறைந்தது" என்று படத்தோடு மேலே வந்து விழும், பிள்ளை வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. அந்த நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்தால் நிறுத்துகிற இடம் வரும். விளையாட்டு ஆப்களிலும் யூடியூபிலும் இதே சாமான் விளம்பரமாக வருகிறதென்றால் கூகுள் கணக்கில் மை ஆட் சென்டர் என்ற பக்கத்துக்குப் போய், உங்களைப் பார்த்து விளம்பரம் காட்டுவதை மொத்தமாக அணைக்கலாம். மது, சூதாட்டம், டேட்டிங் விளம்பரங்களைக் குறைக்கவும் அங்கேயே இடம் இருக்கிறது.

பென்னாகரம் செவிலியர்:

போன் விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். அவள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு உங்களிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னால் திட்டு விழும், அல்லது தான் எதையோ தப்பாகப் பார்த்துவிட்டோம் என்ற பயம் அவளுக்கு இருந்திருக்கலாம். தனியாக உட்கார வைத்து, "தம்பிகிட்ட இருந்து போனை வாங்கி வெச்சியே, நல்ல காரியம் பண்ணின, இனிமே இப்படி எது வந்தாலும் உடனே என்கிட்ட காட்டு, அம்மா திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். பையனுக்கு அவன் வயசுக்குத் தக்கபடி, "அது பெரியவங்க சாமான், பொம்மை இல்ல, கடைக்காரங்க தப்பான இடத்துல வெச்சுட்டாங்க" என்றால் போதும். பொய் சொல்லி மழுப்ப வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். மிரட்டினால் அடுத்த தடவை ஒளிந்துகொண்டு பார்ப்பான்.

இன்னொன்று. எல்லாவற்றையும் பூட்டுகிறேன் என்று நாப்கினையும் உள்ளாடையையும் மகள் கண்ணில் படாமல் செய்துவிடாதீர்கள். ஆறாவது படிக்கிற பெண்ணுக்கு வயசுக்கு வருகிற நேரம், அவளுக்கு அளவும் தரமும் தெரிய வேண்டும். அதை நீங்களும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். ஆப்பில் ஆரோக்கியம் என்ற தலைப்பைத் திறந்தால் நாப்கினுக்குப் பக்கத்திலேயே மற்றதும் வரும், அதனால் நேராக அந்தப் பொருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

ஆப்பில் தற்செயலாக வந்தது வேறு. தெரிந்தவரோ தெரியாதவரோ ஒருவர் வேண்டுமென்றே பிள்ளைக்கு இந்த மாதிரிப் படத்தைக் காட்டினால் அது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் வருடத்துப் போக்ஸோ சட்டப்படி குற்றம். அப்படி ஏதாவது நடந்ததா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள், நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி நுகர்வோர்:

வீட்டில் சரிசெய்வது ஒரு பக்கம். பொம்மை என்று தேடினால் அது வந்தது விற்பவனும் ஆப்பும் செய்த தப்பு, அதை அப்படியே விடக் கூடாது. நிறையப் பேர் கண்ணில் படட்டும் என்று சில விற்பனையாளர்கள் சம்பந்தமே இல்லாத சொற்களைப் பொருளின் பெயரோடு சேர்த்துவிடுகிறார்கள், பிரிவையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பொருளின் பக்கத்தில் புகார் செய்கிற இடம் இருக்கும், தேடின சொல்லோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கேயும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஆனால் உங்கள் கணக்கில் உங்கள் பையன் தேடும்போது அந்தக் கம்பெனிக்குத் தெரிவது முப்பது வயசு அம்மா ஒருவர் தேடுகிறார் என்றுதான். பிள்ளை பெரியவர் கணக்கில் நுழைகிற வரைக்கும் அந்தச் சட்டம் அவனுக்குக் கை கொடுக்காது, அதனால்தான் மேலே சொன்ன செகண்ட் ஸ்பேஸும் ஆப் லாக்கும் முக்கியம்.

காரிமங்கலம் அம்மா:

பழைய பட்டியலை அழித்து, பதிவாவதையும் நிறுத்திவிட்டேன். அவர் சனிக்கிழமை வந்ததும் தனிக் கணக்கு போட்டுவிடுகிறோம். மகளிடம் பேசினேன், அழுதுவிட்டாள், அப்புறம் நிறையப் பேசினாள். ஒரே ஒரு சந்தேகம், பார்த்த பட்டியலை அழித்ததில் ஷூவைத் திருப்பி அனுப்புகிற வேலைக்கு ஏதும் தடங்கல் வருமா? அளவு சரியில்லை.

ஓசூர் மொபைல் சர்வீஸ்:

வராது அக்கா. வாங்கின ஆர்டர் பட்டியல் வேறு, பார்த்த பட்டியல் வேறு. ஆர்டர் பக்கத்தில் ஷூ அப்படியே இருக்கும், கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.