ஸ்டாட்டிக் லைனில் கசிவு: ஒரு நிமிடத்தில் 400 அடி இறங்குகிறது

கேள்வி:
ஆர்வி-7 (கிட் வாங்கி நாமே கட்டும் சிறு விமானம்) கட்டுகிறேன், பேனல் வேலை முடியும் நிலை. ஸ்டாட்டிக் லைன் (வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) முழுக்க கால் அங்குல பாலிஎத்திலீன் டியூப், தள்ளிச் செருகும் ஃபிட்டிங். ஒரு பக்கப் போர்ட்டை டேப் ஒட்டி அடைத்து, மறுபக்கம் சிரிஞ்சால் மெதுவாக இழுத்து ஆல்டிமீட்டரை (உயரம் காட்டும் கருவி) 1000 அடி ஏற்றினேன். குழாயைக் கவ்வி மூடியதும் முள் இறங்குகிறது. ஒரு நிமிடத்தில் 400 அடி. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) விதியில் 100 அடிதானே அனுமதி? பேனலுக்குப் பின்னால் ஏழு இணைப்பு. மேலே சிலிகான் பூசிவிடலாமா?

பதில் 1:
பூசாதீங்க சார். அந்த ஃபிட்டிங்கில் காற்றை அடைப்பது உள்ளே இருக்கும் ஓ-ரிங். வெளியே பூசினால் அடுத்த தடவை கழற்றவும் முடியாது. டியூப்பை எதால் வெட்டினீங்க?

கேட்டவர்:
கட்டிங் பிளையரால்.

பதில் 1:
அங்கேதான் கோளாறு இருக்கும். பிளையர் நசுக்கி வெட்டும். முனை முட்டை வடிவமாகிவிடும், ஓ-ரிங் சுற்றிலும் படியாது. ஃபிட்டிங்கின் வெளி வளையத்தை அழுத்திக்கொண்டே டியூப்பை உருவி, முனையைப் பாருங்க. புது பிளேடால் நேராக ஒரு சென்டிமீட்டர் வெட்டி, அடி தட்டும் வரை தள்ளுங்க. முதலில் ஒரு தடை வரும், அதோடு நிறுத்திவிடக் கூடாது.

பதில் 2:
ஏழையும் கழற்றுவதற்கு முன்னால் லைனை நடுவில் பிரித்து, ஒவ்வொரு பாதியாக சோதிங்க. எந்தப் பாதி என்று தெரிந்தால் வேலை குறையும். இழுக்கும்போது ஏர்ஸ்பீடு முள்ளும் 140 நாட்ஸ் தாண்டும், பயப்படாதீங்க. ஆனால் திறக்கும்போது பட்டென்று விடாதீங்க, விஎஸ்ஐ (ஏறும், இறங்கும் வேகம் காட்டும் கருவி) கெட்டுவிடும். வாயால் உறிஞ்சவே வேண்டாம்.
இதைச் சரிசெய்யாமல் பறக்காதீங்க. பறக்கும்போது கேபின் அழுத்தம் பெரும்பாலும் வெளியை விடக் குறைவு. அது லைனுக்குள் புகுந்தால் ஆல்டிமீட்டர் உயரத்தைக் கூட்டிக் காட்டும்; நீங்கள் அதைவிடத் தாழ்வாக இருப்பீங்க.

கேட்டவர்:
பேனல் பக்கப் பாதிதான். விஎஸ்ஐக்குப் போகும் டீ ஃபிட்டிங்கில் டியூப் முனை சரிந்திருந்தது, பக்கவாட்டில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு கீறலும். வெட்டிச் செருகினேன்: நிமிடத்துக்கு 150 அடி. ஆல்டிமீட்டரின் திருகு ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றவே மறந்திருக்கிறேன். முதல் புரியை விட்டுச் சுற்றி இறுக்கினேன். இப்போது 20 அடி. மீதி இணைப்புகளையும் நாளை பிளேடால் வெட்டி மாற்றுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.